மூன்று பட்டைகள்

மரத்தின் பட்டை மேல்
மூன்று பட்டை.
வெள்ளை, சிவப்பு, வெள்ளை.
ஓர் உள்ளங்கை அகலம்.
அவ்வளவுதான் எங்கள் வேலை.

சனிக்கிழமை ஆறு பத்துப் பேருந்தில்
கோஷிட்ஸேயிலிருந்து கிளம்புவோம்.
பெயின்ட் டப்பாவின் மூடியை
வாராவாரம் சந்தேகமாகப் பார்ப்பார் ஓட்டுநர்.
ஜெல்மீரா தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுபவள்.
நான் டிராம் பணிமனையில் மின்கம்பி பார்ப்பவன்.
நடையர் சங்கம் எங்களுக்குத் தருவது
பேருந்துக் கட்டணம்,
ஒரு கிண்ணம் சூப்புக்கான காசு,
ஊர்க் காட்டில் பெயின்ட் அடிக்க ஒரு சீட்டு.

மூன்று வருடத்தில் எல்லாக் குறியும் வெளிறிவிடும்.
வெயில் தின்றது போக மிச்சத்தைப்
பாசி தின்னும்.
பீச் மரம் என்றால் சுகம், வழுக்கிக்கொண்டு போகும்.
ஓக் மரத்தில் தூரிகை தடுக்கித் தடுக்கிக்
கோடு குடிகாரன் கையெழுத்தாகும்.

வெள்ளை காயுமுன் சிவப்பை வைத்தால்
இரண்டும் கலந்து வழியும்.
அதனால் அவள் வெள்ளையோடு முன்னால்,
நான் சிவப்போடு பின்னால்,
இரண்டு வளைவு தள்ளி.
நாளெல்லாம் ஒரே காட்டில் நடந்தும்
சூப்பு வேளையில்தான் முகம் பார்ப்போம்.

வழி பிரியும் இடத்தில் குறி எதற்கென்று
யாருக்கும் புரியும்.
நேர்ப்பாதையில் எதற்கு?
இரு பக்கமும் முள், திரும்ப இடமே இல்லை,
அங்கேயும் இருநூறு தப்படிக்கு ஒன்று.
பெயின்ட் வீண் என்று ஒருமுறை வாதாடினேன்.
சூப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"ஆளுக்குப் பயம் வருவது அங்கேதான்."

போன நவம்பரில் காற்று வந்தது.
ஒரே இரவு.
விடிந்தபோது ஸ்ப்ரூஸ் மரங்கள்
சீப்பால் வாரிவிட்டதுபோல்
ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.
அறுத்து, எண் போட்டு, ஏற்றிப் போனார்கள்.
குறை சொல்ல முடியாது,
விட்டுவைத்தால் வண்டு ஏறும்.

மார்ச்சில்
அடிவாரத்து மதுக்கடையின் பின்புறம்
விறகு அடுக்கில் கண்டோம் எங்கள் பட்டையை.
ஒரு துண்டில் வெள்ளை,
ஒன்றில் பாதிச் சிவப்பு,
மூன்றாவது தலைகீழ்.
கடைக்கார வாவ்ரினெட்ஸ் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார்,
"காசு கொடுத்து வாங்கியது, ரசீது இருக்கிறது."
ஜெல்மீரா சிரித்தாள்.
பாதிச் சிவப்பைக் கையில் எடுத்ததும்
சிரிப்பு நின்றது.
"இது நீ அடித்தது. ஓரம் வழிந்திருக்கிறது, பார்."

மேலே ஏறினோம், பேச்சில்லாமல்.
முதல் பிரிவில் மரம் இல்லை.
குளிர்காலம் முழுக்க எத்தனை பேர்
ஓடைப் பக்கம் இறங்கித் திண்டாடினார்களோ என்று
நினைத்துக்கொண்டே வந்தவன்
நின்றேன்.

புதரில் சிவப்புக் கம்பளி நூல்,
எவரோ சட்டைக் கையிலிருந்து உருவியது.
அடுத்த பிரிவில் அடிக்கட்டையில் அறைந்த
பால்புட்டி மூடி.
அதற்கடுத்துப் பாறையில்
மூன்று பட்டை!
விரலால் இழுத்தது. கோணல்மாணல்.
குனிந்து முகர்ந்தாள் ஜெல்மீரா.
வெள்ளைக்குப் பற்பசை.
சிவப்புக்கு உதட்டுச்சாயம்.
மழையில் பாதி கரைந்தும்
புதினா வாசம் போகவில்லை.

யாரென்று தெரியாது.
ஒரே ஆள் இல்லை என்று மட்டும் தெரிந்தது,
நூல் கட்டியவர் முடிச்சு வேறு,
ஆணி அடித்தவர் கோபம் வேறு.

விதிப்படி பழையதைச் சுரண்ட வேண்டும்.
கம்பித் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு நான்கு விரல் தள்ளி
வெறும் கல்லில் வெள்ளையை இழுத்துவிட்டு
முன்னால் போய்விட்டாள்.

காயட்டும் என்று உட்கார்ந்தேன்.
கீழிருந்து ஒரு நாய் வந்தது,
அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு இருவர்.
பெண் நடுவிரலால் வெள்ளையைத் தொட்டாள்.
"ஈரம்" என்றேன், தாமதமாக.
காலுறையில் விரலைத் துடைத்துக்கொண்டு
வலப்பக்கம் ஏறினாள்.
சரியான பக்கம்தான்.