புளியரையில் பதினோராம் இடம்

செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் எடைமேடை.
இரவு பத்திலிருந்து ஆறு வரை என் பொறுப்பு.
வைக்கோல், கோழித்தீவனம், எம்-சாண்ட்,
மலையேற வரிசையில் நிற்கும் டிப்பர்கள்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தால்
போனில் செத்துச் செத்துப் பிழைப்பேன்.

நாலு பேர் அணி.
கடையநல்லூர் மைதீன்,
தென்காசி ஆஸ்பத்திரி லேபில் நைட் பார்க்கும் பேச்சிக்கனி,
நான்,
போன வாரம் ஒட்டிக்கொண்ட
ஆரியங்காவு பேக்கரி ஜிபின்.
யார் தலைவர் என்பதை ஆட்டமே குலுக்கிப் போடும்.
இன்றைக்கு ஜிபின்.

இறங்கியதும் கத்தினான்: "எல்லாரும் இடத்தோட்டு!"
அவன் பாஷையில் இடப்பக்கம் போ என்று அர்த்தம்.
இருந்த இடத்தோடு இரு என்று
மைதீனுக்குக் கேட்டது.
மூன்று பேர் ஓடினோம், ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.
முப்பத்தெட்டாம் இடம்.

பொறுமைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
சில்லறை இல்லை என்ற டிரைவரிடம்
ரசீதைத் தராமல் அரைமணி நேரம் நிறுத்திவைத்தவள்.
அன்று ஏனோ மைக்கை அணைத்துவிட்டு
வாயில் வந்ததையெல்லாம்
வெறும் எடைமேடையைப் பார்த்துச் சொன்னேன்.
திரையில் பூஜ்யம் கிலோ.

இரண்டாம் ஆட்டம்.
கூரைமேல் இரண்டு பேர் குப்புறப் படுத்திருந்தார்கள்.
இந்த ஊர்ச் சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும்,
எந்த ஜன்னல், எந்த நொடி என்பது வரை.
எல்லாவற்றையும் சொன்னால்
அவன் தலைவன் இல்லை, என் கையில் ஒரு பொம்மை.
"கூரை" என்று ஒரு சொல் மட்டும் கொடுத்தேன்.
அவன் வேறு கூரையைப் பார்த்தான்.

பேச்சிக்கனி எதுவும் சொல்லவில்லை.
முறுக்குக் கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.
மைதீன் சொன்னதை இங்கே எழுத முடியாது.
ஜிபின் கொஞ்ச நேரம் கழித்து,
"என்றெ தெற்று" என்றான்,
பின்னால் மாவு பிசையும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஆட்டத்தில் கணவாய்க் காற்று எழுந்தது.
காற்றடித்தால் என் சிக்னல்
உட்கார்ந்த இடத்திலேயே கேரளம் போய்த் திரும்பும்.
பாலத்து நடுவில் என் ஆள் சிலையாக நின்றுவிட்டாள்,
ஒரு கால் தூக்கியபடி.
எல்லை சுருங்கிக்கொண்டு வருகிறது,
நெருப்பு வளையம் முதுகுக்குப் பக்கத்தில்.

"இசக்கி அக்கா எவிடே?"

முதல் தடவையாக அவன் தலைகளை எண்ணினான்.
பாலத்துக்குத் திரும்பி வந்து
என் சிலைக்கு முன்னால் சுவர்போல் நின்றான்.

ஆளை விட்டுட்டு ஓடணும்லே, லூசு, என்றான் மைதீன்.
அவன் சொன்னதுதான் சரி.
நானாக இருந்தால் ஓடியிருப்பேன்,
திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.
மூன்று வருஷமாக ஆடுகிறேன்,
அப்படி ஓடி ஓடித்தான் பெயர் வாங்கினேன்.
ஜிபின் செய்தது தப்பு.
ஆனாலும் பழைய தப்பு இல்லை,
புத்தம் புதுசு.

பதினோராம் இடம்.

தலைவரை மாற்றலாமா என்று ஆட்டம் கேட்டது.
பதினைந்து நொடி.
மைதீன் முதல் ஆளாய் அமுக்கினான்.
பேச்சிக்கனி வேண்டாம் என்று போட்டாள்.
என் விரல் நடுவில் நின்றது,
ஆமாம் பக்கமாகவே கொஞ்சம் சாய்ந்து. பொய் சொல்ல மாட்டேன்.
அதற்குள் வெளியே ஹார்ன்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

டிப்பர். பின் சக்கரம் மேடைக்கு வெளியே.
பின்னால் எடு, கொஞ்சம் முன்னால், போதும்.
இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது.
ரசீது. மழை தூறத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்து போனை எடுத்தால்
ஓட்டு சமன், அவனே தலைவன்,
நாலு பேரும் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறோம்.
"எல்லாரும் இடத்தோட்… அல்ல, அல்ல,
லெஃப்ட்டு! மைதீன் அண்ணா, லெஃப்ட்டு!"

மைதீன் வலப்பக்கம் ஓடினான்.