இருபத்தாறாம் வாரம்

புதுவயல் சுகாதார நிலையத்தில்
எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைக்
கரைத்துக் கொடுத்தார்கள்.
"அஞ்சு நிமிஷத்துல குடிச்சிரணும்.
வாந்தி எடுத்தா நாளைக்குத் திரும்ப வரணும்"
என்றார் ஜெசிந்தா சிஸ்டர்.
நாளைக்கு வந்தால் அரைநாள் சம்பளம் போகும்.
வாந்தி எடுக்கவில்லை.

இரண்டு மணி நேரம்
ஒரே மின்விசிறிக்குக் கீழே
ஏழு வயிறுகள்.
சாக்கோட்டைக்காரி ஒருத்தி
தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தாள்.
பிறகு ஊசி. பிறகு சீட்டு.
நூற்று அறுபத்திரண்டு.

மில்லில் என் வேலை எடை பார்ப்பது.
மூட்டைக்கு இருபத்தாறு கிலோ,
நூறு கிராம் கூடினாலும் சிவப்பு விளக்கு.
எண்ணைப் பார்த்தவுடன்
சரி, தப்பு சொல்லிவிடுவேன்.
இந்த எண்ணுக்கு
வாய் வரவில்லை.

சிஸ்டர் சொன்னார்:
உன் சர்க்கரை கொடி தாண்டிப் போகும்.
உன் இன்சுலின் தாண்டாது.
வந்து குவிவதை எல்லாம்
அதுவே சமாளிக்கணும்,
அதன் கணையத்தை வைத்து.

எவ்வளவு பெரிசு இருக்கும் அது?
ஒரு நெல்மணி? ஒரு புளியங்கொட்டை?
இன்னும் கண் திறக்காத ஒன்று
எனக்கு முன்னால் வேலைக்குப் போய்
எனக்குப் பின்னாலும் வீடு திரும்பாமல்
ஓவர்டைம் பார்க்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"சக்கரையா? நம்ம வீட்டுக்கா?
உன்னைச் சுமக்கையில
ரேஷன் சீனியைக்கூட வித்துத்தானடி
குருணை வாங்குனேன்" என்றாள்.
கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷம்.
ஒருவேளைக் கஞ்சி. நான் ஒண்ணே முக்கால் கிலோ.

அதையும் சிஸ்டரிடம் சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
அப்போதே உன் உடம்பு படித்துக்கொண்டிருக்கலாம்,
வெளியே ஒன்றும் இல்லை,
வருவதை விடாதே, இறுக்கிப் பிடி என்று.

முதலாளி வீட்டில் ஐந்தொகை போடுவார்கள்,
பற்று ஒருபக்கம், வரவு ஒருபக்கம்.
அம்மா சாப்பிடாத சோறு
எந்தப் பக்கம் எழுதப்பட்டது?
இருபத்து நான்கு வருஷம் வட்டி ஏறி
இனிப்பாக வந்து நிற்கிறது.

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பு.
தீட்டித் தீட்டி வெள்ளையாக்கி
அரிசியை எங்களுக்குப் போடுகிறார்கள்.
தவிடு லாரியேறி எண்ணெய்க்குப் போகிறது,
மிச்சம் மாட்டுக்கு.
நான்தான் எடை போட்டு அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை வளைகாப்பு.
ஐந்து வகைச் சோறு, அதிரசம், மணகோலம்.
சேவுகனின் அக்கா
வாயில் ஊட்டாமல் விடமாட்டாள்.
ஒரு கவளம் வாங்கிக்கொள்வேன்.
ஒன்றுதான்.
சுண்டலும் அவித்த முட்டையும் போதும் என்றால்
"புள்ளைய பட்டினி போடுறியா" என்பாள்.
பட்டினி எப்படி இருக்கும் என்று
அவளுக்கும் தெரியும். அதனால்தான் ஊட்டுகிறாள்.

நீ யாரென்று சொல்லமாட்டார்கள்.
பெண்ணாயிருந்தால்
உன் பிள்ளைக்கான கருமுட்டையும்
இந்நேரம் உனக்குள் இருக்குமாம்.
அப்படியென்றால் என் தட்டைச் சுற்றி
உட்கார்ந்திருப்பது எத்தனை பேர்?

சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நடக்கச் சொன்னார்.
நடக்கிறேன்.
மில் களத்தில்
அவித்த நெல் ஆவி விட்டுக் காய்கிறது.
கால் சுடுகிறது.
மேஸ்திரி பார்க்கிறான், பார்க்கட்டும்.
விலாவுக்குக் கீழே
ஒரு உதை.

சரி, சரி.
நீ கொஞ்சம் உட்கார்.
உன் ஷிப்டை
நான் பார்த்துக்கொள்கிறேன்.