ஆக்கும்

குளச்சல் காவல் நிலையத்தில்
என் படகு ஆட்களுக்கான படிவம்.
பெயர்: சோமாய் முர்மு. ஊர்: தும்கா.
மொழி என்ற கட்டத்தில்
கேட்காமலே இந்தி என்று எழுதினேன்.

முகரக்கில் பதினோரு வருஷம்
அரபி முதலாளி என்னைக் கூப்பிட்டது
'யா ஹிந்தி'.
ஐஸ் சுமக்கையில், வலை கிழிந்தால், சம்பள நாளிலும்.
எனக்கோ இந்தியில் ஒரு சொல் தெரியாது.
சிலுவைதாசன் என்று சொல்லிப் பார்த்தேன்,
முதல் மாதம் மட்டும்.

"எழுதினத ஒண்ணு வாசியும்" என்றான் சோமாய்.
வாசித்தேன்.
"இந்தி இல்ல மொதலாளி,
நம்ம பாச சந்தாலியாக்கும்."
அந்த 'ஆக்கும்'
இந்தத் துறைமுகத்தில்
மீனோடு பொறுக்கியது.

அடித்து எழுதினால் செல்லாது என்றார் ஏட்டு.
எதிரே ஜெராக்ஸ் கடை;
புதுப் படிவம் ஐந்து ரூபாய்.
என்னிடம் ஐநூறு ரூபாய்த் தாள்.
சில்லறை
அவனிடம் இருந்தது.