மறை எண்

இசட் புள்ளி: மறை பூச்சியம் தசம் இரண்டு ஒன்று நான்கு.
முன்னால் நின்ற சின்னக் கோட்டைத் தூசி என்று நினைத்து
போன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தேன்.
போகவில்லை.

பௌதிகவியல் எஸ். இரசாயனவியல் எஸ். இணைந்த கணிதம் எஸ்.
கோண்டாவில் டிப்போவால் வந்த அப்பா
சேர்ட்டைக் கழற்றாமலே பார்த்தார்.
"மூண்டு தரம் ஓம் எண்டிருக்கிறாங்கள், பிறகென்ன?"
அம்மா சிரிக்கவில்லை.
இது இரண்டாம் தரம் எடுத்த சோதினை.

ஆனாலும் விண்ணப்பிக்கிறேன்.
மகாவலிக் கரையில் ஒரு நீரியல் கல்லூரி.
இரண்டு வருடமாக என் போனின் முகப்பில் அதுதான்:
மஞ்சள் கட்டடம், பின்னால் மூங்கில்,
மூங்கிலுக்குப் பின்னால்
ஆறு.
எங்கள் ஊருக்குப் பேர் நீர்வேலி. பேரோடு சரி.
ஒருதரம் பஸ் யன்னலால் கனகராயன் ஆறு என்று காட்டினார்கள்.
மணலில் இரண்டு மாடு படுத்திருந்தது.

கோப்பாய்ச் சந்தி கொம்யூனிகேசனில்
பிரதீசன் அண்ணை படிவத்தைத் திறந்தார்.
பதினேழாம் கேள்வி:
பெறுபேறுகள் குறைவாயின் காரணத்தை விளக்குக,
இருநூறு சொற்களுக்கு மேற்படாமல்.

"யுத்தம் எண்டு போடு. அது எடுபடும்."

யுத்தம் முடியும்போது எனக்கு மூன்று வயது.
எங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம்.
முன்வீட்டுச் சாம்பவியின் தகப்பன்தான் அதில் போனவர்.
அவள் மூன்று ஏ.
அவளுடைய யுத்தத்தை
நான் எந்த முகத்தோடு கடன் கேட்பது?

"அப்ப டெங்கு போடுவமே? சேர்டிபிக்கற் எடுக்கலாம்."

உண்மை என்னவென்றால்,
ரியூசன் காசு மாதம் தவறாமல் கட்டுப்பட்டது.
தகரக் கொட்டகை, இருநூற்றுப் பத்துப் பேர், மைக்கில் தொகையீடு.
நான் கடைசி வாங்கில் இருந்து
மதிலுக்கு அங்கால் வாழைக்கு இறைக்கிற
மோட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சத்தம் இழுத்தால் தண்ணீர் கீழே போகிறது.
எத்தனை நிமிடத்தில் என்று
கொப்பி ஓரத்தில் குறிப்பேன்.

வீட்டுக் கிணற்றுக்கும் ஒரு கொப்பி உண்டு.
நைலோன் கயிறு, நுனியில் திறப்பு துலைந்த ஒரு பூட்டு,
அரை அடிக்கு ஒரு முடிச்சு.
பின்னேரம் ஆறு மணிக்கு இறக்கி
நனையாத முடிச்சுகளை எண்ணி எழுதுவேன்.
மூன்று வருடம்.
சோதினைக்கு முதல் நாளும்.
மார்கழியில் ஒன்பது அடி, ஆவணியில் இருபத்தொன்றரை,
எல்லாம் நிலத்துக்குக் கீழே, எல்லாம் மறை.
இருபத்தொன்றரையை எட்டிப் பார்த்து
கிணறு பெயில் என்று ஒருவரும் சொன்னதில்லை.
வாளிக் கயிற்றை நீட்டிக் கட்டுவார்கள்.

சொல்லச் சொல்ல அண்ணை ஒற்றை விரலால் தட்டினார்.
ஒரு சொல்லில் விரல் நின்றது.
"சோம்பலோ? கவனக்குறைவு எண்டு போடுவம்.
கொஞ்சம் மரியாதையாய் இருக்கும்."
"சோம்பல் எண்டே போடுங்கோ."

நூற்று அறுபத்தொன்பது சொற்கள்.
மிச்சத்துக்கு நாட்டுச் சேவை, பெற்றோர் கனவு
ஏதாவது சேர்க்கலாம் என்றார்.
வேண்டாம் என்றேன்.
அனுப்பு என்ற நீலப் பொத்தானை
நானே அமத்தினேன்.
விரல் வேர்த்திருந்தது, முதல் அமத்தலில் பிடிக்கவில்லை.

நூற்றைம்பது ரூபாய்.
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே அண்ணை கேட்டார்:
"எங்கட கிணறு இந்த முறை பங்குனியிலேயே சவர் அடிக்குது.
ஏன் பிள்ளை?"

"தெரியாது அண்ணை.
அதைப் படிக்கத்தான் போகப் பாக்கிறன்."

கை அப்படியே நிற்க என்னைப் பார்த்தார்,
பிறகு திரையை.
"விசரி, இதை முதலே சொல்லியிருக்கலாமே.
முப்பத்தொரு சொல் சும்மா கிடந்தது."

சந்தியில் எழுநூற்றைம்பது ஹோர்ன் அடித்தது.
ஓடிப்போய் ஏறினேன்.
ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்.