பத்தொன்பது நிமிடம்

விஸ்ப் நகரில் ஜனவரி.
ரோன் ஆற்றோரம் பனி கறுத்துக் கிடக்கிறது.
காலை ஆறரைக்கு ஆய்வுக்கூடத்தைத் திறக்கிறேன்.
ரோபோவின் கை அந்தரத்தில் நிற்கிறது,
கேள்வி கேட்க எழுந்து
கேள்வியை மறந்துவிட்ட மாணவனைப்போல.

நான்கு மாதமாக இதே கதை.
கரைசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட
வெண்துகளாய் இறங்க வேண்டிய மருந்து
பிசினாகிக் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது.
சூட்டை மாற்றினோம். கரைப்பானை மாற்றினோம்.
இம்போடன் சட்டைகூட மாற்றாமல்
இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார்.
பிறகுதான் இயந்திரத்திடம் விட்டோம்:
ஓர் இரவுக்குத் தொண்ணூற்றாறு குப்பி,
ஒன்று முடிந்தபின் அடுத்தது.
அது கொட்டாவி விடாது.
தொண்ணூற்றாறு முறை தோற்றாலும்
வீட்டுக்குப் போய் யார்மேலும் எரிந்து விழாது.

இன்று திரையில் சிவப்பு எழுத்து.
02.10 கதவு திறப்பு, ஓட்டம் நிறுத்தம்.
02.29 தொடர்ச்சி.

இரவுத் துப்புரவுப் பட்டியலில் ஒரே பெயர், மிர்யேத்தா.
புகாரின் முதல் வரியை அடித்துவிட்டுத்தான்
குப்பிகளின் பக்கம் திரும்பினேன்.
தொண்ணூற்றைந்தில் பிசின்.
நாற்பத்தொன்றில்,
கதவு திறந்த நேரம் ஆறே துளி வாங்கியிருந்த அதில்,
அடியில் ஊசி ஊசியாய் வெள்ளை.
ஆட்டினேன், மணலாய்ச் சரிந்தது.
வடிதாளில் ஊற்றினேன்,
தயங்காமல் இறங்கிற்று நீர்.

மாலையில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.
"மூடி ஒன்று உள்ளே உருண்டு கிடந்தது.
எடுக்கலாமென்று திறந்தேன், எல்லாம் நின்றுபோனது.
சுவரில் ஒட்டியிருந்த அவசர எண்ணுக்கு
அழைத்துக்கொண்டே இருந்தேன்.
யாரும் எடுக்கவில்லை.
கடைசியில் காவலாளி வந்து
பச்சைப் பொத்தானை அழுத்தினார்."

அந்த வாரம் அவசர எண் என்னுடையது.

புதிய செய்முறையில் ஏழாம் படி:
ஆறு துளிக்குப் பின் ஊற்றுவதை நிறுத்து.
பத்தொன்பது நிமிடம் கலக்கிக்கொண்டே காத்திரு.
"இருபதென்று முழுசாகப் போடேன்" என்றார் இம்போடன்.
இருபதிலும் பலித்தது, இருபத்தைந்திலும் பலித்தது.
எண்ணை மாற்ற நான் விடவில்லை.

இப்போது ரோபோ ஒவ்வோர் இரவும்
யாரும் கதவைத் திறக்காமலே
கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
என் கைபேசியில் இன்னும் இருக்கின்றன
ஒலியடக்கிய அந்த இரவின்
ஏழு தவறிய அழைப்புகள்.