ஆறு பத்து பஸ்

நான் எழுதிய நகரில்
ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு சொல்.
நூற்றியோராவது சொல்லுக்குக்
கழுத்திலிருக்கும் மணி அடிக்கும்,
பிறகு ஆட்கள் வருவார்கள்.
பறித்த சொற்களைச் சீனக்குடா எண்ணெய்க் குதங்களில்
ஊற்றி மூடுவார்கள்.
கொடுமையாகத்தான் எழுதியிருந்தேன்.
உவர்மலை வாடகை அறையில்
மின்விசிறிச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு
வியர்க்க வியர்க்க எழுதினேன்.

ஜெஸீமா கிண்ணியாக்காரி,
ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள்.
பாலம் கடக்கும் பஸ்ஸில் நின்றபடி வாசித்து
ஓரங்களில் பென்சிலால் எழுதினாள்.

பக்கம் நாற்பத்தொன்று:
"பஸ் சரியா ஆறு பத்துக்கு வருது. இத வெட்ட வேணாம்."
பக்கம் அறுபத்து மூன்று:
"இங்க இன்சுலின் இருக்கு. எங்கயிருந்து?"
பக்கம் எண்பது:
"ராவையில ஒரு பொம்பிள தனியப் போறா.
ஒருத்தனும் ஒண்டும் சொல்லல்ல."
அதன் கீழே, அழித்து அழித்து,
"சொல்ல அவனிட்ட சொல் மிச்சமில்ல. அதானே?"

எனக்குக் கோபம்.
நரகம் கட்டிக் காட்டினால்
இவள் வாடகை விசாரிக்கிறாள்.

அன்றிரவே பஸ்ஸை எடுத்தேன்.
இன்சுலினைத் தீர்த்தேன், குழாய்களில் சேறு விட்டேன்,
தெருவிளக்கு ஒன்று விடாமல் உடைத்தேன்.
விடியும்போது நகரம்
மடத்தடிச் சந்தியில் நனைந்த
தேர்தல் சுவரொட்டி போலத் தொங்கியது.
இழக்க ஒன்றுமில்லாதவனை
எந்த மணியை அடித்து வெருட்டுவது?

பஸ் திரும்பி வந்தது. ஆறு பத்துக்கே.
இந்த பஸ்ஸுக்காகத்தான்
முதல் நாள் வரிசையில் நின்று
கழுத்தை நீட்டினார்கள்
என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஆனால் மற்றது?
பக்கம் நூற்றிரண்டில் மீன் வெட்டுகிறவன் ஒருவன்
விலையைக்கூட விரலால் காட்டிக் காட்டி
பதினொரு சொல் மிச்சம் பிடித்து
மனைவிக்குக் கொண்டுபோகிறான்.
சில இரவு அதையும் சொல்லாமல்
தூங்கிவிடுகிறார்கள்.

ஜெஸீமா அங்கே கோடு மட்டும் போட்டிருந்தாள்.
"இது ஆர்ர கணக்கு?
அரசாங்கத்துட நன்மையில சேர்க்கிறதா?"
இல்லை என்றேன், உடனே.
"மணி இல்லாட்டி அவன் மிச்சம் பிடிப்பானா?"

பாறையில் ஆலங்கன்று முளைத்தால்
பாறையையா புகழ்வது என்று ஓர் உவமை வந்தது.
அழகாயிருந்தது.
அதனால் அதை நம்பவில்லை.

ஐந்தரைக்கு வரவேண்டிய பஸ்
ஆறேகாலாகியும் வரவில்லை.
நிலையத்தின் ஓரத்தில் மானொன்று
வாழைப்பழத் தோலோடு பையையும் சேர்த்துத் தின்றது.
உம்மாவின் சீனி வருத்தம்,
வெளியில் வாங்கிய ஊசியின் விலை,
புது டொக்டரின் கோழிக் கையெழுத்து என்று
அவள் பேசிக்கொண்டே போனாள்.
ஒரு மணியும் அடிக்கவில்லை.
நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன்.
நூற்று நாற்பத்தேழு, நூற்று நாற்பத்தெட்டு.
எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.