எழுபத்தொன்று

ஓல்காரியா. இரவு ஒன்றே கால்.
ஆவிக் குழாயைத் தூக்கி வளைத்த இடம் பார்த்து
அடியில் நுழைந்து போகின்றன வரிக்குதிரைகள்.
இரண்டாயிரத்து நூறு மீட்டர் கீழே
எங்கள் கருவி மாட்டிக்கொண்டிருக்கிறது.

கிணற்றுக்குள் முந்நூறு டிகிரி.
கருவிக்குள், வெற்றிடக் குடுவையில்,
நகத்தளவுச் சில்லு ஒன்று
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.
வெளிச்சூட்டைத் தடுக்கும் அதே சுவர்
சில்லின் சூட்டையும் வெளியே விடாது.
அதனால் பக்கத்தில் ஒரு கட்டி:
பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், கொஞ்சம் காட்மியம்.
அதில் கரண்டி செய்து கொதிக்கும் தேநீரில் கலக்கினால்
கையில் காம்புதான் மிஞ்சும்.

திரையில் எழுபத்தொன்று.
கால் மணி கழித்தும் எழுபத்தொன்று.

முதீசியா குவளையோடு வந்து எட்டிப் பார்த்தார்.
"சூடுதான் ஏறவில்லையே, என்ன அவசரம்?"
செலங்காட் திரும்பவில்லை.
"ஏறாமலிருப்பதுதான் அவசரம்."

உள்ளுறை வெப்பம் என்று பேர்.
வாங்கிக்கொண்டே இருக்கும்,
முகத்தில் காட்டாது.
எவ்வளவு உருகியது, எவ்வளவு மிச்சம்
எண்ணைக் கேட்டால் சொல்லாது.
அவள் பென்சிலால் கழித்துக்கொண்டிருந்தாள்:
நாற்பது நிமிடம். முப்பத்தைந்து. இருபது.
அதே தாளின் ஓரத்தில்
மகளின் பள்ளிக் கட்டணம், இரண்டு தவணையாக.

வின்ச்சின் பிடி என் கையில்.
இன்னும் நூறு கிலோ கூட்டி இழுத்தால் கம்பி அறும்.
கொஞ்சம் விட்டேன். கொஞ்சம் இழுத்தேன்.
விட்டேன்.

இரண்டு இருபதுக்கு
எழுபத்திரண்டு.

முதீசியா குவளையைக் கீழே வைத்தார்.
எழுபத்தைந்து. எண்பத்தொன்று.
கடைசித் துணுக்கும் கரைந்தாயிற்று,
இனி வருவதெல்லாம் சில்லின் தலைமேல்.

தொண்ணூற்று நான்கில் கம்பி துள்ளியது.
நான் இழுத்தேனா, விட்டேனா,
இன்றைக்கும் தெரியாது.
மீட்டர்கள் குறையக் குறைய டிகிரிகள் கூடின.
கிணற்று வாயில் நூற்றிருபத்தாறு.
நூற்றைம்பதுவரை தாங்கும் என்கிறது காகிதம்;
காகிதம் கிணற்றுக்குள் இறங்கியதில்லை.

குடுவையைப் பிரித்தோம்.
செலங்காட் கையுறையோடு உறையை அசைத்தாள்,
உள்ளே உலோகம் தண்ணீர்போல் சலசலத்தது.
சில்லு பதில் சொன்னது. இறங்கும்போது எடுத்த
கணக்கெல்லாம் இருந்தது, ஒரு வரி தவிர.

பள்ளத்தாக்குக் காற்றில் எண் சரிந்தது.
நூறு. எண்பது.
எழுபத்தொன்றில் மறுபடி நின்றுவிட்டது.
நெடுநேரம் அசையவில்லை.
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது, என்றாள்.

முதீசியா ஒன்றும் சொல்லாமல்
ஆறிப்போன தேநீரை எடுத்துவந்து
அதன்மேல் வைத்தார்.